சோளக்காட்டில் சாவது எப்படி?

அவுட்லாஸ்ட் 2 ஆட்டத்தை முடித்தே தீருவது என்று கிளம்பிவிட்டீர்கள். தர்மபுரி மாவட்டத்தில் உட்கார்ந்து விளையாட நல்ல கம்ப்யூட்டரும் இயர்போனும் மட்டும் போதாது, யுபிஎஸ் கட்டாயம். இல்லையென்றால் திரை இருண்டது கரண்ட் போனதாலா, கதாநாயகன் செத்ததாலா என்றே தெரியாது.

முதலில் கண்ணுக்கு விருந்து. கனடாவின் மான்ட்ரியலில் உள்ள ரெட் பேரல்ஸ் 2017 ஏப்ரலில் வெளியிட்ட ஆட்டம் இது. 2013-ல் வந்த முதல் பாகம் ஒரு மனநலக் காப்பகத்துக்குள்ளேயே சுற்றியது. இதில் அரிசோனாவின் மலைக்காடு. ஹெலிகாப்டர் விழுந்ததும் கேமராமேன் பிளேக், மனைவி லின்னைத் தேடி மதவெறிக் கூட்டம் ஒன்றின் கிராமத்துக்குள் நுழைகிறான். நிலா வெளிச்சத்தில் மரவீடுகள், ரத்தமாகக் கொட்டும் மழை என்று ஒவ்வொன்றையும் செதுக்கியிருக்கிறார்கள். நின்று பார்க்கத்தான் நேரமிருக்காது. பாதி ஆட்டத்தை இருட்டில் பார்க்கும் கேமரா வழியாக, பச்சைப் பச்சையாக, ஓடிக்கொண்டேதான் பார்க்க வேண்டும்.

ஆயுதம் தேடி அலையாதீர்கள், கிடையாது. ஓடலாம், ஒளியலாம். கொஞ்சம் ஓடினாலே பிளேக்குக்கு மூச்சு வாங்கும். கேமரா பேட்டரியும் மளமளவென்று இறங்கும். பென்னாகரம் பக்கம் காட்டுப்பன்றிக்குப் பயந்து பரணில் காவல் கிடக்கிறவரிடம் போய்ப் பாடம் கேளுங்கள். சத்தம் கேட்ட பிறகுதான் டார்ச் அடிப்பார். தகரத்தைத் தட்டுவார், தேவைப்பட்டால் வெடி போடுவார். பிளேக்குக்குத் தட்ட ஒரு தகர டப்பாகூட இல்லை.

சோளக்காடு வந்ததும் குனிந்து போங்கள். அந்தக் கூட்டத்தார் டார்ச்சோடு தேடிக்கொண்டிருப்பார்கள். எந்தப் பக்கம் போவது என்று யாரும் சொல்லமாட்டார்கள். தப்பான பக்கம் போய்ச் செத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சிலுவை மாதிரி ஒரு பிக்காசோடு மார்த்தா என்ற நெட்டைக்காரி வேறு வருவாள். முதல் தடவை நெஞ்சை அடைக்கும். அடுத்த தடவை அவள் எங்கிருந்து வருவாள் என்பது தெரிந்துவிடும். அதற்கப்புறம் அவள், ஒன்றாம் தேதி வாசலில் நிற்கும் வீட்டுக்காரர் மாதிரிதான். பயம் போய் எரிச்சல் வந்திருந்தால் கவலை வேண்டாம், சரியான வழியில்தான் போகிறீர்கள்.

பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மச்சான், “ஏன்டா, வேற வழியா போகக்கூடாதா?” என்பான். பதில் சொல்லாதீர்கள். வேற வழி இருந்தால் போயிருக்க மாட்டோமா?

ரொம்பவும் முடியாமல் போனால் ‘ஸ்டோரி மோட்’ போட்டுக்கொள்ளுங்கள். எதிரிகள் குறைவு, பலர் மெதுவாகவும் வருவார்கள். ஜனங்கள் பட்ட பாட்டைப் பார்த்தோ என்னவோ, 2018-ல் ரெட் பேரல்ஸே சேர்த்துக் கொடுத்தது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. காசு கொடுத்து வாங்கிய மலைக்காட்டை அப்போதுதான் நிம்மதியாகப் பார்க்க முடியும்.

மச்சானிடம் மட்டும் மூச்சு விடாதீர்கள். அவன் கஷ்டமான மோடிலேயே முடித்ததாக ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறான். முடித்தது யூடியூபில்.