பிரபஞ்சத்துக்கு ஜாதகம் எழுதியவர்கள்

நம் ஊரில் வயதானவர்கள் பலருக்குப் பிறந்த தேதியே தெரியாது. பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று ஹெட்மாஸ்டர் குத்துமதிப்பாகப் போட்ட ஜூன் 1-தான் காலத்துக்கும் ரெக்கார்டு. பிரபஞ்சத்துக்கும் அப்படி ஒரு ஹெட்மாஸ்டர் கிடைத்தார். பெயர் ஜேம்ஸ் அஷர். அயர்லாந்தில் ஆர்மா நகரப் பேராயர்.

ஆதாமுக்கு எந்த வயதில் பிள்ளை பிறந்தது, அந்தப் பிள்ளைக்கு எப்போது பிள்ளை பிறந்தது என்று பைபிளை வைத்துக்கொண்டு கூட்டினார், கழித்தார். 1650-ல் ரிசல்ட் வெளியிட்டார்: கி.மு. 4004, அக்டோபர் 23-க்கு முந்தின இரவு. ராகுகாலம் பார்த்தாரா என்பது மட்டும்தான் தெரியவில்லை!

சிரித்துவிடாதீர்கள். இதே கணக்கைக் கெப்ளரும் போட்டிருக்கிறார், நியூட்டனும் போட்டிருக்கிறார். ஆம், ஆப்பிள் நியூட்டனேதான். மூவரின் விடைக்கும் நடுவே சில வருஷங்கள்தான் வித்தியாசம்.

சரி, அதெல்லாம் பழங்காலம், ஐன்ஸ்டைன் வந்ததும் எல்லாம் சரியாகியிருக்குமே என்கிறீர்களா? அங்கேதான் வேடிக்கை. அவருடைய சொந்தச் சமன்பாடே, 'இந்தப் பிரபஞ்சம் சும்மா நிற்காது' என்று அவரிடம் சொன்னது. அவர் நம்பவில்லை. 1917-ல் லாம்டா என்று ஒரு கிரேக்க எழுத்தைச் சமன்பாட்டுக்குள் செருகி, பிரபஞ்சத்தை அப்படியே நிறுத்திவிட்டார். கையோடு, பிரபஞ்சம் முடிவே இல்லாமல் நீள்கிறதா என்ற தொல்லையையும் தீர்த்தார்: விளிம்பு கிடையாது, ஆனால் அளவு உண்டு!

இதைக் கேள்வி கேட்டவர்களில் ஒருவர் பாதிரியார். பெல்ஜியத்தின் ஜார்ஜ் லெமைத்ர். பிரபஞ்சம் விரிகிறது என்று 1927-ல் கட்டுரை எழுதிவிட்டு, பிரஸ்ஸல்ஸில் ஐன்ஸ்டைனைப் பிடித்தார். உங்கள் கணக்கு சரி, ஃபிசிக்ஸ்தான் சகிக்கவில்லை என்கிற ரீதியில் பதில் வந்தது. பின்னாளில், 1951-ல், போப் பன்னிரண்டாம் பயஸ் உற்சாகமாகி, 'பார்த்தீர்களா, விஞ்ஞானமே படைப்புக்குச் சாட்சி சொல்கிறது' என்று பேச, பதறிப்போனவரும் இதே லெமைத்ர்தான். ஒரு பாதிரியார் பைபிளை வைத்துத் தேதி குறித்தார்; இன்னொருவர் பைபிளை இதில் இழுக்க வேண்டாம் என்று போப்பையே தடுக்கப் பார்த்தார்!

தொலைவு கூடக்கூடக் கேலக்ஸிகள் அதிக வேகத்தில் விலகி ஓடுகின்றன என்று 1929-ல் டெலஸ்கோப்பை வைத்துக் காட்டியவர் அமெரிக்கரான எட்வின் ஹபிள். வாயில் பைப், நாக்கில் ஆக்ஸ்ஃபோர்டில் பிடித்துக்கொண்ட இங்கிலீஷ். வக்கீலாகப் பிராக்டீஸ் செய்ததாகவும் சொல்லிக்கொள்வார். உண்மையில் ஹைஸ்கூல் வாத்தியாராக இருந்தார். பிரபஞ்சத்தோடு சேர்ந்து பயோடேட்டாவும் விரிந்திருக்கிறது. ராத்திரி ராத்திரியாகக் குளிரில் உட்கார்ந்து அவருக்குப் படம் பிடித்துக் கொடுத்த மில்டன் ஹியூமேசன், அந்த டெலஸ்கோப் இருந்த மலைக்குக் கோவேறு கழுதை ஓட்டி வந்தவர். பிறகு அங்கேயே துப்புரவுத் தொழிலாளி. படிப்பை 14 வயதோடு நிறுத்தியவர். அவர் பயோடேட்டாவில் ஒரு வரிகூடப் பொய் இல்லை.

ஐன்ஸ்டைன் 1931-ல் லாம்டாவைத் தூக்கி எறிந்தார். விரிவின் வேகம் கூடுகிறது என்று 1998-ல் தெரிந்ததும், குப்பைக்கூடையிலிருந்து அதைத் தேடி எடுத்து மறுபடி வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்கள். மகான்களின் தப்பு கூட வீண்போவதில்லை!

கிளைமாக்ஸ் 1964-ல், நியூஜெர்ஸியின் ஹோம்டெல்லில். பெல் லேப்ஸின் பென்ஸியாஸும் வில்சனும் ராட்சதக் கொம்பு போன்ற ஒரு ஆன்டெனாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். எந்தப் பக்கம் திருப்பினாலும், பகலோ இரவோ, ஒரே 'உஸ்ஸ்'. உள்ளே எட்டிப் பார்த்தால் இரண்டு புறா. சுற்றிலும் எச்சம்.

புறாக்களைப் பிடித்துக் கம்பெனித் தபாலில் வேறு ஊருக்கு அனுப்பினார்கள். வீடு திரும்புவது புறாவின் பரம்பரைத் தொழில் என்பதை இரண்டு டாக்டரேட்டுகளும் மறந்துவிட்டன. புறாக்கள் திரும்பி வந்துவிட்டன. கடைசியில் துப்பாக்கி. எச்சத்தைத் துடைத்தும் சத்தம் போகவில்லை. ஏனென்றால் அது சுமார் 1,380 கோடி வருஷங்களுக்கு முன்பு பிரபஞ்சம் பிறந்த சூட்டின் மிச்சம். அதைத் தேடுவதற்கென்றே 60 கிலோமீட்டர் தள்ளி பிரின்ஸ்டனில் ஒரு குழு கருவி கட்டிக்கொண்டிருந்தது, பாவம்!

1978-ல் துடைத்தவர்களுக்கு நோபல். அப்படியொரு மிச்சம் இருக்கும் என்று 1948-லேயே கணக்குப் போட்டுச் சொன்ன ஆல்ஃபருக்கும் ஹெர்மனுக்கும் நோபல் கமிட்டி எதுவும் தரவில்லை. பிரபஞ்சத்துக்கு முடிவு உண்டா இல்லையா என்பது இன்றைக்கும் தெரியாது. புறா பிடித்த கூண்டு மட்டும் ஸ்மித்சோனியன் மியூசியத்தில் பத்திரமாக இருக்கிறது.