விசிறி நின்ற விமானம்

? மெரினா விமான சாகசத்தில் பழைய ஹார்வர்டு விமானத்தை 1/2000 ஷட்டர் வேகத்தில் படம் பிடித்தேன். ஒவ்வொரு ஆணியும் தெரிகிறது. நண்பர்களோ ‘பொம்மையா?’ என்கிறார்கள்.
(தாம்பரம் வாசகர்)

நண்பர்களைக் கோபிக்காதீர்கள், கண் நன்றாக இருக்கிறது. ஆணி தெரிகிற அளவுக்கு விசிறியும் தெரிகிறதே, அதுதான் வினை. நடுவானில் விசிறி நின்றுபோன விமானத்தைப் பார்த்தால் கைதட்டத் தோன்றாது, ஆம்புலன்ஸைக் கூப்பிடத்தான் தோன்றும்.

கணக்கு சுலபம். ஹார்வர்டின் விசிறி நிமிடத்துக்கு 1,800 சுற்று சுற்றுவதாக வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 30 சுற்று. 1/2000 நொடியில் அது நகர்வது ஐந்தரை டிகிரிதான். 1/125 என்றால் 86 டிகிரி. 1/60-க்கு இறங்கினால் சரியாக அரைச்சுற்று. அதற்கு இருப்பது இரண்டே இதழ் என்பதால், அரைச்சுற்றிலேயே முழு வட்டமும் மூடிவிடும். ஜெட்டுக்கு வைக்கும் வேகத்தைக் கிழ விமானத்துக்கு வைத்தது மட்டும்தான் தப்பு.

? 1/60-ல் முயன்றேன். விசிறியோடு விமானமும் சேர்ந்து கலங்கிவிட்டதே?
(அவரே, மறுவாரம்)

விமானம் ஓடுகிறது, கேமரா நிற்கிறது, வேறென்ன ஆகும்? பாதத்தை விமானம் போய்ச்சேரும் திசை பார்த்து ஊன்றிவிட்டு, இடுப்பை மட்டும் வரும் திசைக்குத் திருப்பி நில்லுங்கள். தூரத்தில் புள்ளியாக இருக்கும்போதே பிடித்துக்கொண்டு அதன் வேகத்திலேயே சுழன்று வாருங்கள். நேரெதிரே வரும்போது அழுத்துங்கள். அழுத்திய பிறகும் நிறுத்தாமல் சுழலுங்கள். பெரும்பாலானோர் கோட்டைவிடுவது அந்தக் கடைசி இடத்தில்தான். முதல் நாளே 1/60 வேண்டாம். 1/250-ல் ஆரம்பித்து, கை பழகப் பழகக் கீழே இறங்குங்கள். முக்கால்வாசிப் படம் குப்பைக்குத்தான் போகும், போகட்டும். ஃபிலிம் காலமா, காசு கரைய?

? செல்போனில் எடுத்தால் விசிறி வாழைப்பழம்போல வளைந்து தெரிகிறது. போன் கோளாறா?
(கோவை வாசகி)

இல்லை. போனின் சென்சார் காட்சியை ஒரே கணத்தில் மொத்தமாக விழுங்குவதில்லை, வரிவரியாகப் படிக்கிறது. முதல் வரியைப் படித்துக் கடைசி வரிக்கு வருவதற்குள் விசிறி எங்கேயோ போய்விடுகிறது. போன் பார்த்ததை எழுதியிருக்கிறது, பாவம்.

? மெரினாவில் எடுத்த டகோட்டா விமானப் படமெல்லாம் கரிக்கட்டை.
(திருவல்லிக்கேணி வாசகர்)

வெளுத்த வானத்தைப் பார்த்துக் கேமரா மிரண்டு வெளிச்சத்தைக் குறைத்துவிட்டது. எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் ஏற்றியிருக்க வேண்டும். ஆனால் மெரினா சாகசம் நடந்த 2024 அக்டோபர் 6 அன்று உச்சிவெயிலில் அந்தக் கூட்டத்துக்குள் நின்று யாருக்குத்தான் அது நினைவு வந்திருக்கும்? உயிர்ப்பலியே ஆன நாள் அது. லென்ஸ் எத்தனை மில்லிமீட்டர் என்பதை அப்புறம் பார்க்கலாம். பையில் தண்ணீர் எத்தனை லிட்டர் என்பதை முதலில் பாருங்கள்.

? அந்த டகோட்டாவின் எண் VP 905. 1947-ல் ஸ்ரீநகரில் இறங்கிய அதே விமானமா?
(திருச்சி மாணவர்)

எண் அதுதான், விமானம் வேறு. 1947 அக்டோபர் 27-ல் வீரர்களோடு ஸ்ரீநகரில் இறங்கிய டகோட்டாவுக்கு மரியாதையாக அந்த எண்ணை இதற்கு எழுதியிருக்கிறார்கள். தன் தந்தை டகோட்டா ஓட்டியவர் என்பதால் அரசியல்வாதி ராஜீவ் சந்திரசேகர் இங்கிலாந்தில் இதைச் சீரமைக்கச் செய்து விமானப்படைக்குக் கொடுத்தார். 2018-ல் பறந்தே இந்தியா வந்து சேர்ந்தது. பெயர் பரசுராமா.

படத்தோடு ‘காஷ்மீரைக் காத்த விமானம்’ என்று எழுதி அனுப்பினால் ஆர்வலர்கள் உங்களைத் தோலுரித்துவிடுவார்கள். இதேபோல இங்கிலாந்தில் ‘சாலி பி’ என்றொரு பி-17 குண்டுவீச்சு விமானம் உண்டு. 1990-ல் வந்த ‘மெம்ஃபிஸ் பெல்’ படத்தில் நடித்தது. மெம்ஃபிஸ் பெல் வேஷத்தை மூக்கின் ஒரு பக்கத்தில் இன்னும் கலைக்கவில்லை. மறுபக்கம் சொந்தப் பெயர். எந்தப் பக்கம் நின்று எடுத்தோம் என்பதை வைத்து விமானத்தையே மாற்றிவிடுகிறவர்கள் உண்டு. அசல் மெம்ஃபிஸ் பெல் அமெரிக்காவில் டேட்டன் நகர அருங்காட்சியகத்தில் தரையில் நிற்கிறது. பெயின்ட்டை நம்பாதீர்கள். என்ன வேஷம், யார் போட்டது என்று ஒரு வரி சேர்த்து எழுதினால் அதே ஆர்வலர்கள் உங்களைத் தலையில் தூக்கிவைத்துக்கொள்வார்கள்.

? லண்டன் மகன் வீட்டுக்குப் போகிறேன். ஒரே ஒரு ஏர் ஷோ பார்க்கலாம் என்றால் டக்ஸ்ஃபோர்டா, ஓல்டு வார்டனா?
(ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், மதுரை)

ஸ்பிட்ஃபயர் போர் விமானங்களைக் கூட்டமாகப் பார்க்க டக்ஸ்ஃபோர்டு. ஆனால் பார்வையாளர்கள் தெற்கு நோக்கி நிற்பதால் வெயில் முகத்தில் அறையும். புகைப்படக்காரர்களின் நித்தியப் புலம்பல் அது. என் ஓட்டு ஓல்டு வார்டனுக்கு. அங்கே விமானங்கள் வளைந்த பாதையில் சாய்ந்து வரும். இறக்கையின் மேல்பக்கம் முழுதாக உங்களுக்குத் தெரியும். மற்ற இடங்களில் வயிற்றைத்தான் பார்க்கலாம்.

மாலை நேரக் காட்சி இருந்தால் அதற்கே போங்கள். காற்று அடங்கினால் 1909-ம் ஆண்டின் பிளேரியோ விமானத்தை வெளியே உருட்டி வருவார்கள். துணி, மரம், கம்பி, பின்னால் ஒரு மனிதர். புல்லுக்குச் சற்று மேலே நேர்க்கோட்டில் ஒரு தாவு தாவிவிட்டு இறங்கிவிடும், அவ்வளவுதான். அதற்காகக் காத்திருந்து, காற்று அடங்காமல் வெறுங்கையோடு திரும்புகிறவர்களும் உண்டு.

? படத்தைக் கணினியில் சுத்தம் செய்வது பாவமா?
(சேலம் வாசகர்)

தூசுப் புள்ளியைத் துடைப்பது புண்ணியம். ஆனால் படத்தின் புள்ளி இரைச்சலை நீக்கும் மென்பொருளின் அளவை உச்சம்வரை ஏற்றிவிடாதீர்கள். ஆரம்பகால ஸ்பிட்ஃபயரில் முதுகுக் கம்பத்திலிருந்து வாலுக்கு ஒரு மெல்லிய ரேடியோ கம்பி போகும். மென்பொருளுக்கு அது கீறல்; விமானப் பித்தர்களுக்கு அது இல்லாவிட்டால் தூக்கம் வராது.

? ஹார்வர்டு மட்டும் ஏன் அப்படிக் கத்துகிறது?
(அடையாறு சிறுமி)

அதன் விசிறியும் என்ஜினும் ஒரே வேகத்தில் சுற்றுகின்றன, இடையில் வேகம் குறைக்கும் பற்சக்கரம் இல்லை. முழுவேகத்தில் விசிறியின் நுனி ஒலியின் வேகத்தை நெருங்கிவிடுகிறது. அதுதான் அந்த அலறல். படத்தில் வராது கண்ணு, வீடியோ எடு.

? பகிரும் படங்களை யாரும் திருடாமல் இருக்க, நடுவில் என் பெயரைப் பெரிதாகப் போடலாமா?
(ஈரோடு வாசகர்)

குண்டுமழையில் பறந்த விமானி கூடத் தன் பெயரைக் காக்பிட்டுக்குக் கீழே ஓரமாகத்தான் எழுதிக்கொண்டார்.