சீடையும் வெடிக்கும்!

கேள்வி: தினமும் ‘இன்னிக்கு என்ன சமையல்?’ என்ற கேள்வியிலேயே பாதி உயிர் போகிறது. இதில் கோகுலாஷ்டமி வேறு வருகிறது. போன வருஷம் சீடை வெடித்து, அடுப்படியே போர்க்களம். என்ன செய்ய?
– ஓர் இல்லத்தரசி, கும்பகோணம்

பதில்: திங்கள் சாம்பார், செவ்வாய் வத்தக்குழம்பு, புதன் மோர்க்குழம்பு என்று 7 நாளுக்கும் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள். கேட்பவரிடம், “கதவைப் பாருங்க” என்றால் போதும். பிடிக்காதவர் கரண்டியைப் பிடிக்கலாம்!

சீடைக்கு அரிசி மாவையும் வறுத்து அரைத்த உளுத்தமாவையும் 2 முறை சலியுங்கள். அழுத்தாமல் உருட்டி, துணியில் உலர்த்தி, ஊசியால் குத்திவிட்டுப் பொரியுங்கள். உள்ளே சிக்கிய ஈரம் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல்தான் வெடிக்கிறது.

சமைப்பவரும் அப்படித்தான். அவ்வப்போது புலம்ப விடுங்கள், வீட்டுக்கு நல்லது!