அபராத நிவாரண விசாரம்

அறுபத்து நான்கு கலைகளை எண்ணி வகுத்த நம் முன்னோர்கள், போக்குவரத்துப் போலீஸாரின் கண்ணில் படாமல் நாற்சந்தியைக் கடக்கும் வித்தையை அவற்றுள் சேர்க்காமல் விட்டது, அக்காலத்தில் மோட்டார் சைக்கிள் இல்லாத குறையினாலேயன்றி அவ்வித்தையின் தரக்குறைவினால் அன்று என்றே கொள்ள வேண்டும். குருவின்றி, ஏடின்றி, பரீக்ஷையின்றி, கும்மிடிப்பூண்டி முதல் கன்னியாகுமரி வரை ஆண் பெண் பேதமில்லாமல் சகல ஜனங்களும் பயின்று தேர்ந்திருக்கும் இக்கலைக்கு இதுகாறும் முறையான ஓர் இலக்கண நூல் எழாதது வியப்புக்குரியது. அக்குறையைச் சிறிதளவேனும் நீக்கும் பொருட்டு எழுதப்படும் இவ்விசாரத்தில், அபராதத்துக்கு அஞ்சுவோரை இரண்டு மார்க்கத்தாராகப் பிரித்துக்கொள்கிறோம். போலீஸ்காரரைத் தவிர்ப்பவர்கள் ஒரு சாரார். குற்றத்தைத் தவிர்ப்பவர்கள் மற்றொரு சாரார். முன்னவர்களைச் சாமர்த்தியவாதிகள் என்றும் பின்னவர்களைச் சாதுக்கள் என்றும் வழங்குவோம். இவ்விரண்டு மார்க்கங்களில் எது தர்மம் என்ற வினாவைப் பெரியோர்களுக்கு விட்டுவிட்டு, எதில் உடம்புக்குச் சிரமம் குறைவு என்பதை மட்டுமே இங்கே எடுத்துக்கொள்கிறோம். சோம்பலை ஆதாரமாகக் கொண்டு செய்யும் ஆராய்ச்சிதான் மனித சுபாவத்துக்கு இசைந்தது.

முதலில் பழைய பிரமாணங்களைப் பார்ப்போம். வண்டி ஓட்டுகிறவனைத் தண்டிக்கும் விஷயத்தில் மனு ஸ்மிருதியின் எட்டாம் அத்தியாயம் காட்டும் நுணுக்கம் சாதாரணமானதன்று. மாட்டின் மூக்கணாங்கயிறு அறுந்தாலும், நுகத்தடி முறிந்தாலும், அச்சோ சக்கரமோ உடைந்தாலும், ஓட்டுகிறவன் விலகச் சொல்லிக் கூவியிருந்தாலும் தண்டனை கிடையாது என்று அது விலக்கு அளிக்கிறது. சந்திலும் பொந்திலும் இடைவிடாமல் ஹார்ன் அடித்துச் செல்லும் நம் வான் டிரைவர்கள் எந்த சாஸ்திரத்தை நம்பி அடிக்கிறார்கள் என்பது இதனால் விளங்கும். ஓட்டுகிறவனுக்குத் திறமை போதாமல் சேதம் நேர்ந்தால் வண்டியின் சொந்தக்காரனுக்கு 200 பணம். அத்தகையவன் ஓட்டும் வண்டியில் ஏறி உட்கார்ந்தவர்களுக்கும் ஆளுக்கு 100 பணம். 2022 அக்டோபரில் சென்னைப் போக்குவரத்துப் போலீஸார், குடித்துவிட்டு ஓட்டுகிறவரோடு கூட வருகிறவர்களுக்கும் அபராதம் உண்டு என்று அறிவித்தபோது அதைப் புதுமை என்று அலறியவர்கள், பழைய நூல்களைப் புரட்டிப் பார்க்காதவர்களே.

சோழன் கதையையும் விட்டுவிட முடியாது. பசுங்கன்றின் மேல் தேரை ஏற்றிய குற்றத்துக்காக மைந்தனைத் தேர்க்காலில் கிடத்திய அம்மன்னனின் சிலை, சென்னை உயர் நீதிமன்ற வளாகத்திலேயே நிற்கிறது. ஆனால் இளவரசன் பதினெட்டு வயது நிரம்பாதவன் என்று வைத்துக்கொண்டால், 2019-ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் சேர்த்த 199-ஏ பிரிவு வேறு விதமாகத் தீர்ப்புச் சொல்லும். பிள்ளையிடம் சாவியைக் கொடுத்த தகப்பனுக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டுவரை சிறையும் உண்டு. தேரின் பதிவும் பன்னிரண்டு மாதத்துக்கு ரத்தாகும். பத்தாம் வகுப்புப் பையனை டியூஷனுக்கு ஸ்கூட்டரில் அனுப்பிவிட்டுத் திண்ணையில் பெருமையோடு உட்கார்ந்திருக்கும் தந்தையர் இதைச் சற்றே சிந்திப்பது நலம்.

மேலைநாட்டுச் சரித்திரமும் சாமர்த்தியவாதிகளுக்கு அனுகூலமாக இல்லை. 1896 ஜனவரியில் ஒரு நாள், இங்கிலாந்தின் கென்ட் பிரதேசத்தில், ஊருக்குள் மணிக்கு இரண்டு மைல் வேகமே அனுமதிக்கப்பட்டிருந்த காலத்தில், வால்டர் அர்னால்ட் என்பவர் எட்டு மைல் வேகத்தில் மோட்டார் வண்டியை ஓட்டிச் சென்றார். சாப்பாட்டில் உட்கார்ந்திருந்த போலீஸ்காரர் எழுந்து சைக்கிளில் ஏறி, ஐந்து மைல் துரத்திச் சென்று பிடித்துவிட்டார். வேகத்துக்காக விதிக்கப்பட்ட அபராதம் ஒரு ஷில்லிங். மோட்டாரில் தப்ப முயன்றவனைச் சைக்கிள்காரர் பிடித்த அந்த நாளிலேயே அம்மார்க்கத்தின் ஜாதகம் எழுதப்பட்டுவிட்டது.

இனி, விசாரத்தின் உயிர்நிலையாகிய தலைக்கவசத்துக்கு வருவோம். உயர் நீதிமன்ற உத்தரவினால் 2015 ஜூலை 1 முதல் இதை அணிந்தே தீர வேண்டும் என்று ஆனபோது, அதை வைத்துக்கொள்ள நம்மவர்கள் கண்டுபிடித்த ஸ்தானங்கள் பல. பெட்ரோல் டாங்க்கின் மேல் வீற்றிருப்பது ஒன்று. முழங்கையில் வளையமாகத் தொங்குவது ஒன்று. பக்கக் கண்ணாடியில் மாட்டியிருப்பது ஒன்று. பின்னால் உட்கார்ந்து வரும் மனைவியின் மடியில் காய்கறிப் பைக்கு அடுத்தபடி இடம் பெறுவது ஒன்று. தலைமேல் ஏறியும் வார் மாட்டப்படாமல் காதோரம் ஊசலாடுவது மற்றொன்று. இவற்றுள் டாங்க் ஸ்தானமே உத்தமம் என்பது சாமர்த்தியவாதிகளின் கொள்கை; நாற்சந்திக்குச் சற்று முன்னால் எடுத்துத் தலையில் கவிழ்த்து, சற்றுப் பின்னால் திரும்பவும் இறக்கிவிடலாம் என்பது அவர்கள் காட்டும் ஹேது. ஒரு கையால் ஹாண்டில்பாரைப் பிடித்து, மறு கையால் கவசத்தைத் தூக்கி, ஒரு கணம் பார்வை மறைந்து, காது மடங்கி, மூக்குக் கண்ணாடி கோணி நிகழும் இந்தச் சடங்கை ஒருவர் அண்ணா சாலை நெடுகச் சந்திதோறும் நடத்திக்கொண்டு போகிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டு வாசலில் ஒரு தடவை மாட்டி ஆபீஸ் வாசலில் ஒரு தடவை கழற்றும் சாதுவின் கை வலியையும் அவருடைய கை வலியையும் நிறுத்துப் பார்த்தால், தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

தவிரவும், சட்டத்தை எழுதியவர்கள் நம் ஜனங்களை முன்பே அறிந்தவர்கள் போலிருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு, அடியைத் தாங்கத்தக்க வடிவும் பொருளும் வாய்ந்து, வாரினாலோ வேறு கட்டினாலோ தலையில் இறுகப் பிணைக்கப்பட்டதே கவசம் என்று வியாக்கியானமும் சேர்த்துச் சொல்லிவிட்டது. ஆகையால் வார் மாட்டாத கவசம் சட்டத்தின் திருஷ்டியில் வெறும் கூடைதான். தலைப்பாகை அணிந்த சீக்கியர்களுக்கு அப்பிரிவு விலக்கு அளிக்கிறது. வழுக்கைக்கோ, வியர்வைக்கோ, காலையில் வைத்த மல்லிகைச் சரத்துக்கோ விலக்கு அளிக்கவில்லை. பழைய நாளில் 100 ரூபாயாக இருந்த அபராதம், தமிழ்நாட்டில் 2022 அக்டோபர் முதல் 1,000 ரூபாய். லைசென்ஸை மூன்று மாதம் முடக்கவும் 194-டி பிரிவில் வழி இருக்கிறது.

கவசத்தின் பூர்வோத்தரத்தில் ஒரு செய்தி மட்டும் கேலிக்கு அப்பாற்பட்டது. அரேபியாவின் லாரன்ஸ் என்று உலகம் அறிந்த வீரர், யுத்தத்தில் பிழைத்து வந்தவர், 1935 மே மாதம் இங்கிலாந்தின் கிராமச் சாலை ஒன்றில் மோட்டார் சைக்கிளிலிருந்து தூக்கியெறியப்பட்டுத் தலையில் அடிபட்டு, ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து இறந்தார். அவரைப் பார்த்த வைத்தியர்களுள் ஒருவரான ஹ்யூ கெய்ர்ன்ஸ் என்ற மூளை அறுவை நிபுணர், அதன்பின் மோட்டார் சைக்கிள் ஓட்டிகளின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941-இல் கட்டுரை வெளியிட்டார். ராணுவத்தில் செய்தி கொண்டு செல்வோர் கவசம் அணிய வேண்டும் என்ற ஏற்பாடு வலுப்பெற அவருடைய ஆராய்ச்சி காரணமாயிற்று. லாரன்ஸ் அன்று வெறுந்தலையோடு சென்றார்; அவரை மடக்கி அபராதம் கேட்க அந்தச் சாலையில் ஒருவரும் இல்லை.

சாமர்த்தியவாதிகளிடையே வழங்கும் பரஸ்பர உதவியைப் பற்றியும் நியாயமாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எதிரே வருகிற முன்பின் தெரியாத மனிதர், முகப்பு விளக்கை இரண்டு தரம் மின்னவிட்டோ, தம் தலையைத் தட்டிக் காட்டியோ, வளைவுக்கு அப்பால் போலீஸார் நிற்பதை அறிவித்துச் செல்கிறார். ஜாதி, மதம், கட்சி எதையும் விசாரிக்காத இத்தகைய சகோதரத்துவம் வேறெந்தத் துறையிலும் நம்மிடையே மலர்ந்ததில்லை. செய்தி கிடைத்தவர் செய்வது என்ன? வண்டியைத் திருப்பி, ஒருவழிப்பாதையில் எதிர்த்திசையில் புகுந்து, குழாயடியும் குட்டிச்சுவரும் நிறைந்த சந்துகளில் சுற்றி, இரண்டு நாய்களின் துரத்தலுக்கு ஆளாகி, அரை மைல் தூரத்துக்கு இரண்டு மைல் எரிபொருளைச் செலவிட்டு, புறப்பட்ட சாலைக்கே வந்து சேர்கிறார். ஒரு குற்றத்தை மறைக்க இன்னொரு குற்றம் செய்ததும் மிச்சம். இவ்வளவும் போலீஸ்காரர் மனிதராக இருந்தவரை பலித்தது. இப்போது சந்திகளில் நிற்கும் காமிராக்கள் நம்பர் பிளேட்டைப் படித்து, சலானைக் கைப்பேசிக்கே அனுப்பிவிடுகின்றன. அவற்றிடம், 'சார், இங்கேதான், பக்கத்துக் கடைக்கு' என்ற காலங்காலமான மந்திரம் செல்லுபடியாகாது.

வேகத்தின் கணிதம் இன்னும் பரிதாபகரமானது. பத்து கிலோமீட்டரை 40 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கப் பதினைந்து நிமிஷம். 50-இல் கடக்கப் பன்னிரண்டு நிமிஷம். சிக்னல்கள் குறுக்கிடாத கற்பனைச் சாலையிலும் லாபம் மூன்றே நிமிஷம். வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, காகிதங்களைக் காட்டி, ரசீது வாங்கி, ஒரு மாமாவின் பெயரைச் சொல்லிப் பார்த்துப் பலிக்காமல் கிளம்புவதற்குள் அந்த லாபம் வட்டியோடு போய்விடும். 60 கிலோமீட்டர் வேகத்தில் விநாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் ஓடுகிறோம். கண் கண்டதைக் கால் உணர்ந்து பிரேக்கை மிதிப்பதற்கு முன்பே அவ்வளவு தூரம் கழிந்துவிடுகிறது. முன்னால் போகும் வண்டிக்கும் நமக்கும் மூன்று விநாடி இடைவெளி விடுங்கள் என்று தேர்ந்த ஓட்டிகள் சொல்வது இதனால்தான். சென்னையில் அவ்விடைவெளியை விட்டால் அதில் ஓர் ஆட்டோ நுழையும் என்ற ஆக்ஷேபம் உண்மையே. நுழையட்டும், இன்னொரு மூன்று விநாடியை விட்டுக்கொள்ளலாம். மஞ்சள் விளக்கைப் பற்றிப் பேசவே வேண்டாம். நிற்க முடிந்தவர்கள் நிறுத்தக் கோட்டுக்குப் பின்னால் நிற்கட்டும் என்று அது சொல்கிறது. நம்மவர்கள் அதைப் பந்தயத்தின் துப்பாக்கி ஒலியாக ஏற்கிறார்கள்.

கைப்பேசியைத் தோளுக்கும் கன்னத்துக்கும் இடையே செருகிக் கழுத்தை ஒடித்துக்கொண்டு ஓட்டும் ஆசனத்துக்கு 1,000 ரூபாய். ஆம்புலன்ஸுக்கு வழி விடாததற்கு 10,000 ரூபாய். இரண்டிலும் விவாதத்துக்கு இடமில்லை.

கடைசியாக, சாமர்த்தியவாதியும் சாதுவும் ஒருங்கே அகப்படும் ஒரு குழி இருக்கிறது. 2018 செப்டம்பர் 1 முதல், உச்ச நீதிமன்ற உத்தரவின்படி, புதிய இரு சக்கர வண்டிகளுக்கு ஐந்து ஆண்டும் கார்களுக்கு மூன்று ஆண்டும் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் வாங்கும்போதே சேர்த்துக் கட்டப்படுகிறது. ஆண்டுதோறும் நினைவூட்டிவந்த செலவு மறைந்ததும், அந்தக் காகிதமும் நினைவிலிருந்து மறைகிறது. கவசம் தரித்து, வார் மாட்டி, கோட்டுக்குப் பின்னால் நின்று, மஞ்சளில் அடங்கி ஒழுகும் உத்தமர் ஒருவர், காலாவதியான இன்சூரன்ஸுக்காக 2,000 ரூபாய் கட்டிவிட்டுத் திகைத்து நிற்பது இப்படித்தான். ஆகவே வாசகர்கள் இப்பக்கத்தை மூடியதும், தங்கள் வண்டியின் இன்சூரன்ஸ் எந்தத் தேதியில் முடிகிறது என்பதை எடுத்துப் பார்த்துக்கொள்வார்களாக.