ஸ்பானிய உறவுமுறைப் பாடத்தில் மாமியாரின் இடம்: ஓர் ஆய்வு

ஸ்பானிய மொழிப் பாடநூல்கள் குடும்பப் பாடத்தைப் பெரும்பாலும் பாத்ரே (அப்பா), மாத்ரே (அம்மா) என்றே தொடங்குகின்றன. இது பாசத்தால் விளைந்த பிழை. ஆய்வுக்குப் பாசம் ஆகாது. கல்யாணத்தில் வாய்த்த உறவுகளிலிருந்தே, அதிலும் மாமியாரிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது இவ்வாய்வின் கருதுகோள்.

ரத்த உறவுச் சொற்கள் புழங்கிப் புழங்கித் தேய்ந்துவிட்டன. மெக்சிகோவில் உங்கள் சட்டையைப் பார்த்து ஒருவர் 'கே பாத்ரே!' என்றால், அங்கே தகப்பனாருக்கு வேலையில்லை. சட்டை பிரமாதம், அவ்வளவுதான். தீயோ என்ற ஒரே சொல்லுக்குள் பெரியப்பா, சித்தப்பா, மாமா மூவரும் ஏற்கெனவே நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஸ்பெயினில் இளவட்டங்கள் தெருவில் போகிறவனையும் தீயோ என்று கூப்பிட்டு அதில் ஏற்றிவிடுகிறார்கள். இந்தச் சொல்லை நம்பி எப்படிப் பாடம் நடத்துவது?

ஸ்வேக்ரா (மாமியார்) அப்படியல்ல. தரவுகளைத் தொட்டே பார்க்கலாம், முதல் தரவைச் சற்று எச்சரிக்கையோடு. அது மெக்சிகோவின் உருண்டைக் கள்ளி: உட்காரும் உயரம், உடம்பெல்லாம் பொன்னிற முள். பெயர் 'மாமியார் ஆசனம்'. இரண்டாவது, ஸ்பெயினில் புத்தாண்டு இரவில் ஊதும் காகிதச் சுருள். ஊதினால் விறுக்கென்று நீண்டு, எதிரே நிற்பவர் மூக்கருகே 'பீ' என்று கத்திவிட்டு, மூச்சு நின்றதும் சுருண்டுகொள்ளும். இதன் பெயர் மாத்தாஸ்வேக்ராஸ், அதாவது மாமியார்க்கொல்லி. இதனால் எந்த மாமியாரும் இளைத்ததாகக்கூடத் தெரியவில்லை.

துணைச் சான்றாக மைத்துனரையும் அழைக்கலாம். கிறிஸ்துமஸ் விருந்தில் ஒயின் முதல் தேர்தல் வரை எல்லாவற்றுக்கும் தீர்ப்புச் சொல்லி, 'இந்தக் காரை இதைவிடக் குறைவாக வாங்கியிருக்கலாமே' என்பவருக்கு ஸ்பெயினில் குன்யாதோ (மைத்துனர்) என்று பட்டப்பெயர். உறவே இல்லாதவருக்கும் கிடைக்கும். ஆனாலும் சொல்லின் கூர் மழுங்கவில்லை. அந்தக் குணத்துக்கே குன்யாதிஸ்மோ என்று பெயர் வைத்துவிட்டார்கள். மார்க்ஸுக்கு ஓர் இசம் என்றால் மைத்துனருக்கும் ஓர் இசம்!

சம்பந்தி கோன்ஸ்வேக்ரோ, சகலை கோன்குன்யாதோ. ஆங்கிலம் வழியாகக் கற்பவர் இவற்றுக்கு ஒரு வரி விளக்கம் எழுதித் திண்டாட, தமிழர் ஒரே சொல்லில் தாண்டிவிடலாம்.

ஆகவே பாடநூல் ஆசிரியர்களுக்கு இவ்வாய்வின் பரிந்துரை: முதல் பாடம் மாமியாருக்கு, இரண்டாவது மைத்துனருக்கு. அப்பாவும் அம்மாவும் ஒன்பதாம் பாடத்தில் வரட்டும். அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.