மண் படாத தோட்டக்கலை

இங்கிலாந்தின் கிராமத் தோட்டக்கலைச் சங்கம், அதாவது செடி வளர்ப்போர் சந்தா செலுத்திக் கூடிப் பேசும் அமைப்பு, மனித குலத்தின் நிர்வாகத் திறனுக்குத் தக்க சான்றாகும். மண் உறைந்து கிடக்கும் ஜனவரியில், சென்ற ஆண்டின் கூட்டக் குறிப்பை ஏற்பதற்காகப் பொதுக்குழு கூடுகிறது. விதைக்க வேண்டிய மார்ச்சில், விதைப்பது எவ்வாறு என்னும் விரிவுரை படக்காட்சியுடன் நிகழ்கிறது.

மே மாதத்தில், 1804இல் தோன்றிய அரச தோட்டக்கலைக் கழகம் 1913 முதல் லண்டனின் செல்சியில் நடத்திவரும் மலர்க்காட்சிக்கு உறுப்பினர்கள் பேருந்தில் சென்று, சில நாட்களுக்கென்றே அமைக்கப்பட்ட தோட்டங்களைக் கண்டு, நிலைத்து நிற்கும் தோட்டத்தின் இலக்கணத்தைக் கற்றுத் திரும்புகின்றனர். ஜூனில், 1927இல் தொடங்கிய தேசியத் தோட்டத் திட்டத்தின்படி, அதாவது தனியார் தோட்டங்களை அறப்பணி நிதிக்காகக் கட்டணத்திற்குத் திறந்துவிடும் ஏற்பாட்டின்படி, பிறர் தோட்டங்களுக்குச் சென்று, தேநீர் அருந்தி, செடிகளைவிடக் கேக்கை நுணுக்கமாக ஆராய்கின்றனர். ஆகஸ்டுப் போட்டியில் ஒன்றையொன்று அச்சாக ஒத்த மூன்று வெங்காயங்களே பரிசு பெறுகின்றன. சுவை என்பது அளவுநாடாவுக்குள் அடங்காத குணமாகையால், அவற்றை எவரும் வாயில் வைப்பதில்லை.

இத்தனை பணிகளுக்கிடையே சொந்தத் தோட்டத்திற்கு நேரம் ஒதுக்குதல் இயலாதென்பது வெளிப்படை. ஆயினும் மழையென்றும் இரவென்றும் பாராது, ஒவ்வொரு பாத்தியையும் இலை இலையாகக் கவனித்துவந்த ஓடில்லா நத்தைக்குச் சுழற்கோப்பையை வழங்குவதற்கு விதி இடந்தரவில்லை; அது சந்தா செலுத்தவில்லை.