மதுமேகமும் பந்துமித்திரரும்

மதுமேகம் என்று வைத்தியர் ஒருமுறை சொல்லிவிட்டால் போதும், அதுகாறும் நமது க்ஷேமத்தை விசாரிக்கக்கூட அவகாசமில்லாதிருந்த பந்துமித்திரர் யாவரும், ஒருவர் பாகற்காய்ச் சாற்றையும் மற்றொருவர் ஊறவைத்த வெந்தயத்தையும் இன்னொருவர் ஆவாரம்பூக் கஷாயத்தையும் சிபாரிசு செய்துகொண்டு, 1921-ல் டொராண்டோ நகரில் பான்டிங்கும் பெஸ்டும் இன்சுலினைக் கண்டறியப் பட்ட சிரமமெல்லாம் அனாவசியம் என்ற பாவனையில் வந்து சேர்கிறார்கள். கல்யாணப் பந்தியில், “ஒரு ஜிலேபியில் என்ன சார் வந்துவிடப் போகிறது!” என்று நம் இலையில் வைக்கச் சொல்பவர்களும் இதே மகானுபாவர்கள்தாம். பரிசோதனைக்கு முந்திய இரண்டு நாள் மட்டும் பரம விரதம் காத்து வைத்தியரை ஏமாற்றிவிடும் நோயாளியின் புராதன ராஜதந்திரமோ இப்போது பலிப்பதில்லை. ஹெச்பிஏ1சி என்னும் சோதனை இரண்டு மூன்று மாதத்துச் சராசரியைக் காகிதத்தில் அச்சிட்டே நீட்டிவிடுகிறது. சித்திரகுப்தனாவது சாகும்வரை கணக்கை வெளியிடுவதில்லை.